பேட்ச் டெஸ்ட் (எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுக்குச் சிவந்ததா?

ஆத்தங்குடியிலிருந்து:

என் அப்பா தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து வர்ணக் கலவையை ஊற்றுவார், அதன் மேல் மணலும் சிமெண்டும். எல்லாம் வெறும் கைதான். இரண்டு கையும் வெடித்து, நீர் கசிந்து, ராத்திரி தூக்கமே இருக்காது. மருந்துக்கடைக் களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் திரும்ப வந்துவிடும்.

மதுரையில் ஒரு தோல் டாக்டர் பேட்ச் டெஸ்ட் எழுதினார். ஊசி கிடையாது. சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டுகிறார்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வேர்க்கவும் கூடாது. காரைக்குடிப் பக்கம் சித்திரையில் இது நடக்கிற காரியமா? மார்கழியில்தான் போனோம். பிளாஸ்திரியை எடுத்ததும் ஒரு முறை பார்ப்பார்கள், நாலாம் நாள் வாக்கில் இன்னொரு முறை. அந்த இரண்டாவது தடவையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்கு முதலில் லேசாகச் சிவந்திருந்த இடம் அப்புறம்தான் கொப்புளமாகப் புடைத்தது.

சிவந்தவை இரண்டு: பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமியம் உப்பு, கோபால்ட் என்ற உலோகம். இரண்டும் ஒரே வகையோ என்று கேட்டேன். இல்லையாம். சிமெண்டில் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. வருஷக்கணக்கில் சேர்ந்தே பட்டதால் தோல் இரண்டையும் தனித்தனியாகப் பகைத்துக்கொண்டது என்றார் டாக்டர். பிறகு அவராகவே காலைப் பார்த்தார். செருப்பு வார் படும் இடம் மட்டும் கருத்து வெடித்திருந்தது. செருப்புத் தோலைப் பதனிடவும் குரோமியம் உப்புதான் போடுகிறார்கள். அதுவரை கையையும் காலையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சிமெண்டில் தண்ணீரில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் (இந்த ஒவ்வாமையைத் தரும் வகை) 2 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்று 2005 முதல் விதி இருக்கிறது. இரும்பு சல்பேட் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் கல் போடுகிற கைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

எனக்கும் கோபால்ட் சிவந்தது அண்ணே, ஆனால் கூட வந்தது நிக்கல். கவரிங் சங்கிலி, ஜாக்கெட் கொக்கி, சேலைக்குக் குத்தும் ஊக்கு, எது பட்டாலும் அரிப்பு. கல்யாண வீடு என்றாலே எனக்குக் கழுத்தைப் பற்றித்தான் கவலை. டைமெத்தில் கிளையாக்சிம் என்று ஒரு சோதனைக் கரைசல் இருக்கிறது. பஞ்சில் தொட்டு நகையில் தேய்த்தால், நிக்கல் கசிகிற உலோகமாக இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகிவிடும். புது நகை எது வாங்கினாலும் இப்போது முதலில் அதுதான்.

பள்ளத்தூரிலிருந்து:

எங்கள் பெரியம்மாவுக்கு முதுகில் பாதிக்கு மேல் சிவந்துவிட்டது. இனி எதைத்தான் தொடுவது என்று அழுதுவிட்டார்கள். டாக்டர் அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பில் வேறு இடத்தில் கரப்பான் புண் கொதித்துக்கொண்டிருக்கும்போது சோதித்தாலும், ஒரு பொருளுக்கு ரொம்பப் பலமாகச் சிவந்தாலும், முதுகு முழுக்கவே உணர்ச்சி ஏறிப்போய்ப் பக்கத்தில் இருப்பவையும் பொய்யாகச் சிவக்குமாம். தோல் அடங்கிய பிறகு, சந்தேகப்பட்டவற்றை மட்டும் தனித்தனியாக ஒட்டிப் பார்த்தார். நின்றது ஒன்றே ஒன்று: தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி.

அதற்கு உறவுள்ள வேதிப்பொருள்களும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், மரத்துப்போகத் தடவும் பென்சோகைன் களிம்பு வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். ஆகவே நிறைய இடம் சிவந்தால் உடனே பயந்து பட்டியல் போடாதீர்கள். எது உண்மை, எது கூடவே வந்தது, எது உறவால் வந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உண்மையான ஒவ்வாமையை அது மறைத்துவிடக்கூடும். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆத்தங்குடி அண்ணே, அப்பாவுக்குக் கையுறை வாங்கும்போது கவனம். ரப்பர் கையுறையில் சேர்க்கும் தையூரம் போன்ற பொருள்களே சிலருக்கு ஒவ்வாது. அப்பாவின் டெஸ்ட்டில் ரப்பர் பொருள்களும் இருந்தனவா, என்ன வந்தது?