புதுப்பிப்பு: லேசர் செய்துகொண்டேன், ஆனால் லேசிக் இல்லை

மைனஸ் 4 பவர் கண்ணாடியை விட, லேசிக் என்ற கண் லேசர் சிகிச்சை செய்யலாமா என்று மூன்று மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காண்டாக்ட் லென்ஸை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து ஸ்கேனுக்குப் போங்கள் என்று ஒருவர் சொன்னது பெரிய உதவி, லென்ஸ் கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலம், கார்னியா) வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும், அளவு தப்பாகிவிடும்.

ஸ்கேனில் கருவிழித் தடிமன் 485 மைக்ரான்தான். பலருக்கு 540 பக்கம் இருக்கும். லேசிக்கில் மேலே மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் தூக்குவார்கள் என்பதால் எனக்கு அது வேண்டாம் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். மடல் வெட்டாமல், கருவிழியின் மேல்படலத்தை மட்டும் நீக்கிவிட்டு லேசர் செய்யும் பி.ஆர்.கே. முறையில் செய்தோம்.

லேசர் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முடி கருகுவது போல ஒரு வாடை, அவ்வளவுதான். அப்புறம் வந்த மூன்று நாள்தான் கஷ்டம். எரிச்சல், கண்ணீர், ஜன்னல் வெளிச்சத்தைக்கூடத் தாங்க முடியவில்லை. மேல்படலம் திரும்ப வளர்ந்ததும், அதுவரை கண்ணைப் பாதுகாக்க வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். இப்போது ஆறு வாரம். பஸ் போர்டைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன்! ராத்திரியில் மட்டும் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, வறட்சிக்குச் சொட்டு மருந்தும் தொடர்கிறது.

தன் அக்காவுக்குச் செய்யலாமா என்று கேட்டவருக்கு: 42 வயது என்றீர்கள், தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்தாலும் கிட்டத்தில் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படும், அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.