எஸ்டீம் 1.3: ஹெட்டர் 4-1 போடுவதா, 4-2-1 போடுவதா?

எஸ்டீம்பிரியன்:
மாருதி எஸ்டீம், 1298 சிசி. எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல். பழைய சாமான் கடையில் தேடி அலைவதற்குப் பதில் தனித்தனிப் பைப்புகளை வளைத்துச் சேர்க்கும் ஹெட்டரே அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். பட்டறைக்காரர் 4-1 (நாலு பைப்பும் ஒரே இடத்தில் சேர்வது) தான் போடணும், 4-2-1 (முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவது) அல்ல என்கிறார். ரேஸ் வண்டிக்கெல்லாம் அதுதானாம். எனக்குத் தினமும் ஆபீஸ், எப்போதாவது ஊட்டி. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) எதையும் தொடப்போவதில்லை. என்ன செய்யலாம்?

ரெட்லைன்_கோவை:
4-1. யோசிக்கவே வேண்டாம். 1971-லேயே ஜப்பான் ட்யூனர் யோஷிமுரா, ஹோண்டா சிபி750 பைக்குக்கு நாலு பைப்பையும் ஒன்றாக்கிக் காட்டியாச்சு. எடையும் குறையும், பவரும் ஏறும். பைப்பை ஒன்றே முக்கால் இஞ்சில் போடுங்கள், எஞ்சின் தாராளமாக மூச்சு விடட்டும்.

ஸ்பானர்_மாமா:
தம்பி, எதைப் போட்டாலும் கொஞ்சம் பேக் பிரஷர் (புகை வெளியேறும்போது எதிர்ப்பு) இருக்கணும். சும்மா திறந்துவிட்டால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை செத்துப்போகும். பெரிய பைப் போட்டுவிட்டு மேட்டில் இரண்டாவது கியரில் திணறிய வண்டிகள் நிறைய என்னிடம் வந்திருக்கின்றன.

அலைக்கணக்கு:
மாமா பார்த்தது உண்மை, சொல்லும் காரணம்தான் வேறு. பேக் பிரஷர் எந்த எஞ்சினுக்கும் நல்லதில்லை. எரிந்த வாயுவை வெளியே தள்ள பிஸ்டன் கூடுதலாக உழைக்கணும், அவ்வளவுதான். பைப் பெருத்தால் வாயுவின் வேகம் விழுகிறது. ஒன்றரை இஞ்சிலிருந்து ஒன்றே முக்காலுக்குப் போனால் குறுக்குப் பரப்பு 36 சதவீதம் கூடும், அதே வாயு கால் பங்குக்கு மேல் வேகம் இழக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போவது அதனால்தான். சிலிண்டர் ஒன்றுக்கு 325 சிசி கூட இல்லாத எஞ்சினுக்கு எதற்கு அவ்வளவு பெரிய பைப்?

இனி 4-1 விஷயம். எஸ்டீமின் ஃபயரிங் ஆர்டர் (கிராங்க் 180 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரியும் வரிசை) 1-3-4-2. எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் கீழ்மட்டம் தொடுவதற்கு 50 டிகிரி முன்பே திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3-வது சிலிண்டரின் வால்வு திறந்து அழுத்தம் பாயும் நேரத்தில் 1-ன் பிஸ்டன் உச்சிக்குப் போக 50 டிகிரிதான் பாக்கி. அதாவது 1-ல் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் வரப்போகிறது. குட்டைப் பைப்பில் நாலையும் சேர்த்துவிட்டால் 3-ன் புகை நேராக 1-க்குள் திரும்பி முட்டும். 4-2-1-ல் 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடி, 2-ஐயும் 3-ஐயும் ஒரு ஜோடி ஆக்குகிறோம். ஜோடிக்குள் 360 டிகிரி இடைவெளி, ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது.

ரெட்லைன்_கோவை:
குட்டைப் பைப்பை யார் சொன்னது? நீளமான பைப்பில் 4-1 போட்டால் கலெக்டரில் (பைப்புகள் சேரும் இடத்தில்) பட்டுத் திரும்பும், புகையை உறிஞ்சி இழுக்கும் எதிரலை 4-2-1-ஐவிட பலமாக இருக்கும். அதை ஏன் சொல்லவில்லை?

அலைக்கணக்கு:
பலம்தான், மறுக்கவில்லை. எந்த ஆர்பிஎம்மில் என்பதுதான் கேள்வி. சூடான வாயுவில் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். ஒரு மீட்டர் தள்ளிச் சந்திப்பு இருந்தால் போய்வர 4 மில்லிசெகண்ட். அதற்குள் கிராங்க் 6000 ஆர்பிஎம்மில் 144 டிகிரி திரும்பிவிடும், 3000-ல் 72 தான். பைப் அதேதான், அலை வந்து சேரும் கட்டம் வேறு. (அலை ஒரு தடவையோடு நிற்காது, முன்னும் பின்னும் ஓடும், முழுக் கணக்கு இதைவிடச் சிக்கல்.) 4-1-ல் சந்திப்பு ஒன்று, அதனால் ஒரு இடத்தில் நல்ல ஏற்றம், அதற்குக் கீழே ஒரு பள்ளம். 4-2-1-ல் சந்திப்பு இரண்டு, தூரமும் வேறு வேறு. ஏற்றம் சின்னது, ஆனால் பரந்து கிடக்கும்.

பள்ளமே இல்லையென்றால் யமஹா 1989-ல் எஃப்இசட்ஆர்1000 பைக்கில் கலெக்டர் பக்கத்தில் ஆர்பிஎம்முக்கு ஏற்ப மோட்டாரால் திறந்து மூடும் எக்ஸப் வால்வை ஏன் வைத்தது?

ரெட்லைன்_கோவை:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஸ்டாக் கேமில் (கம்பெனி போட்டுக் கொடுத்த கேமில்) ஓவர்லாப்பே குறைவு. அலை வந்து எதை இழுக்கப்போகிறது? அப்போது 4-2-1-உம் தண்டச் செலவுதானே?

அலைக்கணக்கு:
நல்ல கேள்வி. ஸ்டாக் கேமில் லாபம் குறைவுதான், எந்த ஹெட்டரானாலும். ஆனால் அந்த வாதம் 4-1-ஐத்தான் அதிகம் அடிக்கிறது. இந்த எஞ்சினின் பவர் உச்சமே 6000 பக்கம். அதற்கு மேலே ஹெட்டர் கூப்பிட்டாலும் கேம் வராது. அவர் ஆபீசுக்குப் போவது 2500-ல்.

ஸ்பானர்_மாமா:
தியரி எல்லாம் சரி, வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பக்கம் பைப்பில் மணல் நிரப்பிச் சூடாக்கி வளைப்போம். மணலை நன்றாகத் தட்டி இறுக்காவிட்டால் வளைவில் நசுங்கிவிடும், உங்கள் ஒன்றரை இஞ்ச் அங்கே ஒன்றேகால் ஆகிவிடும். அப்புறம் ஃபிளான்ஜில் (பைப்பை போல்ட்டில் மாட்டும் தகட்டில்) வெல்டிங் உள்பக்கம் உருண்டு நிற்கும், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அதைக் கிரைண்ட் பண்ணாமல் வாங்காதீர்கள். பைப்பின் வாய் ஹெட் போர்ட்டைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது, ஒரு நூல் பெரிதாக இருந்தால் தப்பில்லை.

அலைக்கணக்கு:
இதில் மாமாவோடு முழு உடன்பாடு. ஆக்சிஜன் சென்சார் இருக்கும் வண்டியானால், நாலு பைப்பும் சேர்ந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். ஒரே பைப்பில் வைத்தால் ஒரு சிலிண்டரின் கதையை மட்டும்தான் ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) கேட்கும். கேஸ்கெட் கசிந்தாலும் வம்பு: எதிரலை வரும்போது வெளிக்காற்று உள்ளே போகும், சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று நினைக்கும், ஈசியூ இன்னும் ஊற்றும். மைலேஜ் போன காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

எஸ்டீம்பிரியன்:
அப்போ 4-2-1, ஒன்றரை இஞ்ச், 1-4 ஜோடி, 2-3 ஜோடி. பட்டறைக்காரர் 1-2, 3-4 என்று சேர்த்தால் வளைவு குறையும், கூலியும் குறையும் என்கிறார். அது ஓகேவா?

அலைக்கணக்கு:
வேண்டாம். அந்த ஜோடியில் ஒரு இடைவெளி 180 டிகிரி, இன்னொன்று 540. அதற்குப் பழைய மேனிஃபோல்டையே வெல்டு வைத்து ஓட்டலாம்.

ரெட்லைன்_கோவை:
கடைசி ஒய் சந்திப்பை வெல்டு பண்ணாமல் ஃபிளான்ஜ் வைத்து போல்ட்டில் மாட்டுங்கள். கேம் மாற்ற ஆசை வராமல் இருக்காது. வந்தால் பின்பாதியை மட்டும் கழற்றி வேறு நீளம் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்பானர்_மாமா:
முதலில் புள்ளி வெல்டு மட்டும் வைத்து வண்டியில் மாட்டிப் பார்க்கச் சொல்லு தம்பி. ஸ்டியரிங் ராடிலோ ரேடியேட்டர் ஃபேனிலோ இடித்தால் அப்புறம் எல்லாவற்றையும் அறுக்கணும்.