காரைநகர் வீடு: புதுப்பிப்பு

யாழ்ப்பாணம் காரைநகரில், கசூரினா கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு விற்பனைக்கு இருக்கிறது, பராமரிப்புச் செலவு குறைவு என்று போன மாதம் எழுதியிருந்தேன். இன்னும் விற்கவில்லை. ஆனால் செலவு குறைவு என்று சொன்னதைத் திருத்த வேண்டும்.

பார்க்க வந்த அண்ணா ஒருவர் பின் அறை யன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். பெயின்ட் பொருக்காகக் கழன்று, துருத்தூள் அவர் உள்ளங்கையில் கொட்டியது. உப்புக் காற்றின் வேலை. எனக்கு மனம் கேட்கவில்லை. கடல் பக்க யன்னல்கள் நான்கையும் கழற்றி அலுமினியம் போட்டாயிற்று. விலையைக் கூட்டவில்லை.

கிணற்றைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இது சுண்ணாம்புக்கல் நிலம். மழைத் தண்ணீர்தான் கீழே நன்னீராகத் தங்கி நிற்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் நீர் ஏறிவிடும். கோடையில் எங்கள் கிணறு உவர்க்கும். குளிக்க, உடுப்புத் தோய்க்க மட்டும்தான் சரி. குடிக்கத் தண்ணீர் வாங்கத்தான் வேண்டும்.

காணி உறுதியில் (பத்திரத்தில்) சிக்கல் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி உரித்துக்காரருக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. தம்பி தனக்கு வேண்டாம் என்று எழுதித் தந்துவிட்டான்.

வருபவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னர் வாருங்கள். கிணற்றின் மோசமான நிலையை அப்போதுதான் பார்க்கலாம்.