பேரிடர் நேரத்தில் ஊராட்சித் தலைவர் கையில் என்ன இருக்கிறது?

பால்வெட்டு (குலசேகரம்)
ஐப்பசி பிறந்தாச்சு. அடைமழைக்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசிவிடுவோம். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று குமரி மாவட்டத்தில் எங்கள் சாலையில் வரிசையாக ரப்பர் மரம் விழுந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. வெட்டுக்கத்தியும், யாரோ கொண்டுவந்த அறுப்பு மெஷினும் வைத்து நாங்களே வெட்டித் தள்ளினோம். மெஷினுக்குப் பெட்ரோல் வாங்க வீடுவீடாகப் போய் நூறும் ஐம்பதும் பிரித்தோம். நான் கேட்பது இதுதான்: பேரிடர் என்று அறிவித்த நிமிடத்திலிருந்து உள்ளூர் தலைவர் ஒரு அளவு வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யட்டும். பிறகு கணக்குக் கேளுங்கள்.

வடசேரிமணி
எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆபத்து நேரத்தில் உத்தரவு ஒரே வாயிலிருந்து வர வேண்டும். மாவட்டத்தில் 95 ஊராட்சி, 50-க்கு மேல் பேரூராட்சி. ஆளாளுக்கு ஒரு உத்தரவு போட்டால் என்ன ஆகும்? பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தால் குழித்துறை ஆற்றோரத்தில் வீட்டுக்குள் வருகிறது. மேலே இருக்கிறவர் பார்வையும் கீழே இருக்கிறவர் பார்வையும் ஒன்றாக இருக்குமா? 2020 ஊரடங்கை மறந்துவிட்டீர்களா? தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் முள்ளை வெட்டிப் போட்டு ரோட்டை அடைத்தார்கள்! பிரசவத்துக்குப் போகிற வண்டியும் அந்த ரோட்டில்தானே போக வேண்டும். உள்ளூர் அதிகாரம் என்றால் அதுவும் சேர்த்துத்தான் அண்ணாச்சி.

கச்சேரிநடை
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சண்டைக்கு முன்னால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1975-ல் வந்தது அரசியல் சாசனம் 352-வது பிரிவில் வரும் நெருக்கடி நிலை. புயல் மழைக்கு அது கிடையாது. நமக்கு வேலை செய்வது 2005-ஆம் வருடத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். போக்குவரத்தை நிறுத்துவது, இடிபாட்டை அகற்றுவது, தேவையான வசதியைக் கேட்டு வாங்குவது எல்லாம் 34-வது பிரிவில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத்தான். அதன் தலைவர் கலெக்டர். உள்ளாட்சிக்கு 41-வது பிரிவு: ஊழியரைப் பயிற்றுவித்துத் தயாராக இரு, மாவட்டத் திட்டப்படி நிவாரண வேலை செய். அதாவது கை வேறு, தலை வேறு.

ஆனால் ஒரு சின்ன விஷயம் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த மாவட்ட ஆணையத்தில் கலெக்டருக்குப் பக்கத்தில் இணைத் தலைவர் என்று ஒரு நாற்காலி உண்டு. உள்ளாட்சியில் தேர்வான ஒருவர் அதில் உட்கார வேண்டும் என்று 25-வது பிரிவு சொல்கிறது.

குளச்சல்காரன்
அந்த நாற்காலியில் ஒக்கியின்போது யார் உட்கார்ந்திருந்தார் சார்? யாருமில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். இடையில் எல்லாம் தனி அலுவலர் ராஜ்ஜியம், தேர்வான தலைவருக்குப் பதில் அரசு அதிகாரி. பேரூராட்சி, நகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை அதே கதை. கடலுக்குப் போன எங்கள் ஆட்களில் யார் திரும்பவில்லை என்ற பட்டியல் எங்கிருந்து வந்தது? கோயிலில் இருந்து. பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் வீடுவீடாகக் கேட்டு எழுதினார்கள். எந்த வள்ளம், எத்தனை பேர், என்றைக்குப் போனார்கள் என்று. அரசு சொன்ன எண்ணும் எங்கள் எண்ணும் ஒத்துப்போகவே இல்லை. கடைசியில் சனங்கள் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். வார்டு உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் சண்டை பிடிக்கவாவது ஒரு முகம் இருந்திருக்கும்.

வடசேரிமணி
வருத்தமான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது தேர்தல் நடத்தாத குற்றம். அதிகாரம் போதாத குற்றம் இல்லை. 2004 சுனாமியின்போது ஊராட்சித் தலைவர்கள் இருந்தார்களே. மணக்குடிப் பாலத்தையே அலை தூக்கிக்கொண்டு போனது. அதற்கு ஊராட்சி நிதி என்ன மூலைக்குக் காணும்?

முன்னாள்வார்டு
பாலம் கட்ட யார் கேட்டது தம்பி? நான் ஒரு குளக்கரைக் கதை சொல்கிறேன்.

2021 நவம்பர் மழை. ராத்திரி இரண்டு மணிக்குக் குளத்துக் கரை வாய்விட ஆரம்பித்தது. தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது, ஏதோ கல்வெர்ட் தகராறு. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் என் பொறுப்பில் ஜேசிபி கூப்பிட்டேன். விடிய விடிய ஏழு மணி நேரம் ஜேசிபிக்காரர் மண் அணைத்தார். ரசீதுக்குத் தாள் இல்லை, மழையில் எல்லாம் ஊறிவிட்டது. வண்டியின் டேஷ்போர்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை அலுவலகத்தில் கொடுத்தேன். தணிக்கைக்கு வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: மூன்று கொட்டேஷன் எங்கே? ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று ஜேசிபிக்காரரை எழுப்பி ரேட் கேட்டிருக்க வேண்டுமாம். பாதிப் பணம் என் கையில் இருந்து போனது. மீதி இன்னும் பாக்கி.

வடசேரிமணி
அண்ணாச்சி, கோபப்படாதீர்கள், ஆனால் இது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. தலைவரும் துணைத் தலைவரும் முகம் பார்க்க மாட்டார்கள் என்றால் அவர்கள் கையில் இன்னும் அதிகாரம் கொடுத்து என்ன பயன்? இதற்காகத்தானே 1994 ஊராட்சிச் சட்டத்தில் 203-வது பிரிவை வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் ஊராட்சி செய்ய வேண்டிய வேலையைக் கலெக்டரே செய்யச் சொல்லலாம், செலவை ஊராட்சி நிதியிலிருந்தே எடுக்கலாம்.

பால்வெட்டு
நல்லா இருக்கே! பணம் எங்களது, முடிவு நாகர்கோவிலில். அந்த 203 உத்தரவு தாளில் வந்து சேருவதற்குள் கரை இருக்குமா மக்கா? களியக்காவிளை தாண்டிப் பாருங்கள். 2020-ல் கேரளத்தில் சமூகச் சமையலறையை நடத்தியது பஞ்சாயத்துதான். நம் பக்கம் பிளீச்சிங் பவுடர் தூவச் சொன்னார்கள், தூவினோம்.

வடசேரிமணி
கேரளத்தில் 1996-லேயே மக்கள் திட்டம் என்று திட்ட நிதியில் பெரிய பங்கைப் பஞ்சாயத்துக்குக் கொடுத்து, ஆளும் கொடுத்துவிட்டார்கள். நம் ஊராட்சியில் யார் இருக்கிறார்? ஒரு செயலர், டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர்கள். செயலரே மேஸ்திரி, அவரே கணக்கர், அவரே தீ அணைக்க வேண்டும். முதலில் ஆள் கொடுங்கள், பிறகு அதிகாரத்தைப் பேசுவோம். சரி, ஒன்று ஒத்துக்கொள்கிறேன். மூன்று கொட்டேஷன் கேட்டது அநியாயம்.

கச்சேரிநடை
அந்த அநியாயத்துக்குச் சட்டத்திலேயே வழி இருந்தது. 2005 சட்டத்தின் 50-வது பிரிவு: உடனடிக் கொள்முதல் தேவை என்று மாவட்ட ஆணையம் கருதி அனுமதி கொடுத்தால், டெண்டர் நடைமுறை விலக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். பொறுப்பு அதிகாரி தரும் சான்றே வவுச்சர். ஆனால் அனுமதி தர வேண்டியது ஆணையம், ஊராட்சி தானாக எடுத்துக்கொள்ள முடியாது. என் யோசனை, மழைக்காலத்துக்கு முன்பே ஒரு தொகை வரம்பு போட்டு, ஜேசிபி, ஜெனரேட்டர், அறுப்பு மெஷின் என்று வேலையின் பெயரையும் எழுதி, அந்த அனுமதியை ஊராட்சிகளுக்குக் கொடுத்து வைக்கட்டும். மணி பயப்படுகிற முள்வேலி அதிகாரம் இதில் வராது.

மேலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இதே சட்டத்துக்கு 2025-ல் வந்த திருத்தத்தில் மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்குத் தனியாக நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்கலாம் என்று சேர்த்தார்கள். அதற்குத் தலைவர் ஆணையர், துணைத் தலைவர் கலெக்டர். மேயரை அந்த இரண்டு நாற்காலியிலும் காணோம்.

குளச்சல்காரன்
ஊராட்சிக்குக் கொடுத்து வைக்கட்டும் என்கிறீர்கள். யாரிடம் கொடுப்பது? 2025 ஜனவரியோடு அவர்கள் காலமும் முடிந்துவிட்டது. மறுபடியும் தனி அலுவலர்தான். ஒக்கி நேரத்தில் இருந்த அதே நிலை.

வடசேரிமணி
இதற்கு என்னிடம் பதில் இல்லை. கலெக்டர் வேண்டும் என்று சொன்னேனே தவிர, கலெக்டர் மட்டும் போதும் என்று சொல்லவில்லை.

முன்னாள்வார்டு
போன வாரம் மழை கொஞ்சம் வலுத்தபோது பழக்க தோஷத்தில் அந்த ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டேன். வண்டி இருக்கிறதா என்று கேட்டேன். "வண்டி இருக்குது அண்ணாச்சி. நீங்க இப்ப மெம்பரா, இல்லையா? அத முதல்ல சொல்லுங்க" என்றார்.