வால்-ஈ மற்ற ரோபோக்களைக் கொன்றதா? படத்திலேயே ஆதாரம் இருக்கிறதா, சொல்லுங்கள்

வெள்ளவத்தைச் சித்தி:

வணக்கம். நேற்று இரவு அக்காவின் மகனோடு இருந்து 'வால்-ஈ' பார்த்தேன். எனக்கு நாலாவது தடவை, அவனுக்கு முதல் தடவை, வயது எட்டு. 2008இல் வந்த பிக்சார் படம், ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கியது. மனிதர்கள் பூமியைக் குப்பையால் நிரப்பிவிட்டுக் கப்பல் ஏறிப்போய் 700 வருடம் ஆன பிறகும், தனியாக நின்று குப்பையை அமுக்கிச் சதுரம் சதுரமாக அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ரோபோவின் கதை.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு இடம் வரும். வால்-ஈயின் சங்கிலிச் சக்கரம் தேய்ந்து கிழிந்து தொங்குகிறது. வழியில் அவனைப் போலவே இருக்கும் ரோபோக்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அதில் ஒன்றின் சக்கரம் நல்ல நிலையில் இருக்கிறது, அதைப் பார்க்கிறான். அடுத்த காட்சியில் அந்தச் சக்கரத்தில் ஓடிப் போகிறான். நான் மூன்று தடவை பார்த்தும் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிள்ளை உடனே கேட்டான்: "சித்தி, இவர் அதைச் செத்தவரிட்ட இருந்து கழட்டினவரா?" ஓம் என்றேன். "அப்ப அவரைச் சாகடிச்சதும் இவரா?"

இல்லை என்று சொல்லிப் படுக்க வைத்துவிட்டுப் பிறகு தேடிப் பார்த்தால், இதே கதையை எத்தனையோ பேர் நீட்டி நீட்டி எழுதியிருக்கிறார்கள். உதிரிப்பாகத்துக்காக மற்ற எல்லாரையும் ஒவ்வொருவராகக் கொன்றதால்தான் அவன் மட்டும் மிஞ்சினானாம், அந்த அப்பாவி முகம் முழுவதும் நடிப்பாம். வாசிக்க வாசிக்க மனது கனத்துப் போய்விட்டது. எனக்கு மிகவும் பிடித்த படம் இது. "அது சின்னப்பிள்ளைகளின் படம்தானே, விடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். படத்துக்குள்ளேயே இதற்கு ஆதரவாகவோ எதிராகவோ ஏதாவது இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடைசியில் ஈவ், அதுதான் பூமியில் செடி தேட வந்த ரோபோ, அவனுடைய மின்சுற்றுப் போர்டை மாற்றித் திருத்துகிறாள். எழும்பும்போது அவளைத் தெரியவில்லை, எல்லாம் அழிந்துவிட்டது. பிறகு எப்படி நினைவு திரும்பியது?


பம்பலப்பிட்டி ஓவியன்:

அக்கா, நான் அனிமேஷன் படித்தவன், இந்தப் படத்தைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொலைக் கதையை நான் ஒருபோதும் ஏற்கவில்லை.

இந்தப் படத்தின் விதை 1994இல் பிக்சார்காரர்கள் சிலர் மதியச் சாப்பாட்டில் கூடியிருந்து கதைத்தபோது விழுந்தது. மனிதர்கள் எல்லாரும் பூமியை விட்டுப் போகும்போது கடைசி ரோபோவை நிறுத்த மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அந்த யோசனை. ஆகவே தனிமைதான் முதலில் வந்தது, மற்றதெல்லாம் அதைச் சுற்றி எழுந்தது. படத்துக்குள்ளும் காரணம் இருக்கிறது. 2110இல், மனிதர்களைக் கப்பலில் அனுப்பிய நிறுவனத்தின் தலைவர் அனுப்பிய ரகசியச் செய்தி கப்பலில் ஓடுமே, பூமியைத் துப்புரவாக்கும் வேலை தோற்றுவிட்டது, இனித் திரும்ப வேண்டாம் என்று. அன்றோடு அந்த ரோபோக்களைத் தேடி யாருமே வரவில்லை. கவனிக்க ஆளில்லாமல், வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அந்த மணற்புயலில் 700 வருடம் என்றால் நின்றுபோகாமல் வேறென்ன செய்யும்?

அவன் படுக்கும் இடத்தை வடிவாகப் பாருங்கள். அது அந்த ரோபோக்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி. உள்ளே சுற்றிவரும் தட்டுகள் எல்லாம் ஒவ்வொரு ரோபோவும் நிற்பதற்கான இடங்கள். இப்போது அதில் லைட்டர், மின்குமிழ், கரண்டி என்று பொறுக்கிய சாமான்கள் இருக்கின்றன, ஒரு தட்டில் அவன் தன்னை மடித்துக்கொண்டு தூங்குகிறான். கூட்டாளிகள் தூங்கிய இடத்தில் அவன் மட்டும் மிச்சம். கொன்றவன் வீடு இப்படியா இருக்கும்? அந்தக் கரப்பான் பூச்சியின் மேல் தெரியாமல் ஏறியதற்கே எப்படிப் பதறிப்போகிறான்!

உண்மையில் ஒளித்து வைத்த விவரம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். கப்பலை நடத்திய பழைய தலைவர்களின் படங்கள் அதில் வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொருவராகப் பருத்துக்கொண்டு போவதை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அவர்களின் பின்னால் பாருங்கள், சுக்கான் மாதிரி இருக்கும் ஆட்டோ என்ற, கப்பலை ஓட்டும் ரோபோ ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்துகொண்டிருக்கும். கப்பல் யாருடைய கைக்குப் போகிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சுவரில் எழுதிவிட்டார்கள். இதை முதலில் கண்ட நாளில் நான் எழும்பி நின்றுவிட்டேன்.

மற்றது, திரும்ப வேண்டாம் என்ற அந்தக் கட்டளையின் பெயர் ஏ113. ஸ்டான்டனும் அவருடைய கூட்டாளிகள் பலரும் படித்த கலிஃபோர்னியா கலைக் கல்லூரியின் ஒரு வகுப்பறை எண் அது. 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'யில் ஆண்டியின் அம்மாவின் கார் இலக்கத் தகட்டிலும் இதே எண்தான்.

இரண்டும் திரும்பத் திரும்ப வரும், அல்லது கதையைத் தாங்கும். கொலைக் கதைக்கு அப்படி ஒரு சின்ன அடையாளம்கூட இல்லை, வெட்டிய தடமோ உடைத்த தடமோ ஒன்றும் காட்டவில்லை.


கொலன்னாவைக்காரன்:

நான் கோட்பாடுகள் பற்றிக் கதைக்க வரவில்லை. முதல் காட்சியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். தூரத்தில் உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் நகரம்போலத் தெரியும், கிட்டப் போகப் போக அதில் பாதி குப்பைக் கட்டிகளை அடுக்கிய கோபுரங்கள் என்று விளங்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதை எதிர்காலத்தில் வரும் கற்பனை என்று பார்ப்பார்கள். எங்களுக்கு அப்படிப் பார்க்க முடியாது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது, 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கொழும்பு முழுவதும் கொட்டிக் கொட்டியே உயர்ந்த மேடு அது. அதற்குப் பிறகு என்னால் அந்த முதல் காட்சியைச் சும்மா பார்க்க முடிவதில்லை. அவன் ஒரு கட்டியை அமுக்கி, சரியாக வைத்து, மேலே ஏறி அடுத்ததை வைக்கிறானே, அந்தக் கவனம்தான் என் கண்ணில் படுகிறது. யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காக வேலை செய்கிறான். அப்படிப்பட்டவனைக் கொலைகாரன் என்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

ஒளித்த விவரம் கேட்டீர்கள் என்றால், ராக்கெட் பூமியைவிட்டு வெளியே போகும்போது சுற்றிவர செயற்கைக்கோள் குப்பை போர்வை மாதிரி மூடியிருக்கும், அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது ஒன்று வால்-ஈயின் தலையில் ஒட்டியிருக்கும். அது ஸ்புட்னிக், 1957இல் மனிதன் அனுப்பிய முதலாவது செயற்கைக்கோள். மேலே போட்ட முதல் சாமானும் கடைசியில் குப்பையாகிவிட்டது.


இரவுப்பறவை:

கொலைக் கதையை நானும் நம்பவில்லை. ஆனால் ஆட்டோ பற்றி ஒரு சந்தேகம் எனக்குப் பல நாளாக இருக்கிறது. பூமியில் மறுபடியும் உயிர் வளரும் என்பதற்கு ஆதாரமாக ஈவ் கொண்டுவந்ததுதான் முதல் செடியா? முன்பும் செடிகள் வந்திருக்கும், ஆட்டோ அவற்றை ரகசியமாக அழித்திருக்கும் என்று நினைக்கிறேன். பாருங்கள், ஈவின் உள்ளே செடி இருக்கிறது என்று தெரிந்ததும் ஆட்டோவின் சின்ன உதவியாள் ரோபோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் திருடுகிறது, தப்பும் ஓடத்தில் வைக்கிறது, ஓடம் வெடிக்கும்படி நேரம் குறித்து அனுப்புகிறது. முதல் தடவை செய்கிறவர்கள் இவ்வளவு பழக்கமாகச் செய்வார்களா?


பம்பலப்பிட்டி ஓவியன்:

நல்ல கேள்விதான். ஆனால் எந்தத் தேடும் ரோபோவும் இதுவரை செடியோடு வந்ததில்லை என்று கப்பல் தலைவரே படத்தில் சொல்கிறார். அவருக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள், சரி, அதை மறுக்க என்னிடம் வசனம் இல்லை. ஆனாலும் அந்தச் சுறுசுறுப்புக்கு 2110 கட்டளையே போதும். செடி வந்தால் என்ன செய்வது என்று 700 வருடமாக ஆயத்தமாக இருந்த இயந்திரம் அது. இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் போல.


பஞ்சிகாவத்தை நானா:

தங்கச்சி, உங்கள் கேள்வியை என் மகள் காட்டினாள். நான் பஞ்சிகாவத்தையில் 26 வருடமாகப் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிறேன். இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன், சக்கரம் கழற்றும் காட்சியில் எனக்கு வந்த எண்ணம் வேறு.

விபத்தில் நொறுங்கிய வேன் ஒன்று எங்கள் கடைக்கு வருகிறது என்று வையுங்கள். இனி அது ஓடாது. நாங்கள் கதவைக் கழற்றுவோம், கியர்பெட்டியைக் கழற்றுவோம், விளக்கு, கண்ணாடி எல்லாம் கழற்றுவோம். அடுத்த வாரம் ஹட்டனிலிருந்து ஒருவர் வருவார், அவருடைய வேன் மூன்று மாதமாகப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றாமல் நிற்கிறது, புதுக் கியர்பெட்டி வாங்க அவருக்கு வசதி இல்லை. செத்த வேனின் பெட்டியைப் பூட்டிக்கொண்டு ஓடிப்போவார். இதைக் கொலை என்று யாராவது சொல்வார்களா? இறந்த ஒருவரின் கண்ணை இன்னொருவருக்கு வைக்கிறார்களே, நமது நாடு எத்தனையோ வெளிநாடுகளுக்குக் கண் அனுப்புகிறது, அதையும் கொலை என்பார்களா?

அந்தக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். முதலில் தன் கிழிந்த சக்கரத்தில் இழுத்து இழுத்துத்தான் போகிறான். தேய்ந்த சாமானைக் கடைசி மட்டும் ஓட்டுகிறவன் அவன். ஆசைக்குக் கழற்றுகிறவன் அப்படிச் செய்ய மாட்டான், நல்லதைக் கண்டதும் கழற்றிவிடுவான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். ஈவ் அவனைத் திருத்தும்போது போர்டை எங்கிருந்து எடுக்கிறாள்? கப்பலின் குப்பைக் கிடங்கில் அவள் தேடினாள், பொருந்துவது கிடைக்கவில்லை. பூமிக்கு வந்து அவனுடைய வண்டிக்குள் இருந்த சாமானில்தான் எடுத்தாள். அவன் அந்த நாளில் கழற்றிச் சேர்த்துவைத்ததுதான் அவனை எழுப்பியது. செத்துப்போன கூட்டாளிகள் கொடுத்த உயிர் அது.

நினைவு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். வாகனத்தில் எஞ்சினை மாற்றலாம், கதவை மாற்றலாம், ஆனால் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசி நம்பர் மாறாது, அது அதே வாகனம்தான். இவன் 700 வருடத்தில் எத்தனை சக்கரம், எத்தனை கண் மாற்றியிருப்பான்! படத்திலேயே ஒரு தடவை கண் உடைந்துபோய், வைத்திருந்த வேறொரு கண்ணை எடுத்துப் பூட்டிக்கொள்வானே. ஈவ் போர்டை மாற்றுவதற்கு முன்பே அவனில் முதல் நாள் பூட்டிய சாமான் மிச்சம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். அப்படியிருந்தும் அவன் அவனாகத்தானே இருந்தான், கரண்டியும் முள்ளும் சேர்ந்த அந்தச் சாமானை எந்தப் பெட்டியில் போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றவன். அவனுடைய சேசி எது என்று கேட்டால், அந்தப் பழைய வீடியோ கசெட்டில் இரண்டு பேர் கை கோத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துத் தன் கையைத் தானே பிடித்துக்கொள்வானே, அதுதான் என்று நான் சொல்வேன். ஈவ் அவன் கையைப் பிடித்தாள், அவன் வந்தான்.


பம்பலப்பிட்டி ஓவியன்:

நானா, போர்டு அவனுடைய வண்டியிலிருந்துதான் வந்தது என்பதை நான் எத்தனையோ முறை பார்த்தும் அந்த முதல் காட்சியோடு சேர்த்து யோசிக்கவில்லை. நான் மேலே சொன்ன அளவுகோலுக்கே இது பொருந்துகிறது: தொடக்கத்தில் ஒரு தடவை, நடுவில் கண், கடைசியில் போர்டு. திரும்பத் திரும்ப வருகிறது, கதையையும் தாங்குகிறது. அந்தக் கசெட் 1969இல் வந்த 'ஹலோ, டாலி!' படம்.


வெள்ளவத்தைச் சித்தி:

எல்லாருக்கும் நன்றி. கொலன்னாவை அண்ணா, நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையே இல்லை. நானா, உங்கள் பதிலைப் பிள்ளைக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். சேசி என்றால் என்ன என்று கேட்டான், கீழே நின்ற ஓட்டோவைக் காட்டி விளங்கப்படுத்த வேண்டியதாகிவிட்டது.

பிறகு இன்று பின்னேரம் முதல் இருபது நிமிடத்தையும் மறுபடியும் போட்டுப் பார்த்தோம். நீங்கள் சொன்ன மாதிரி கிழிந்த சக்கரத்தில் இழுத்துக்கொண்டுதான் வருகிறான். வேலை முடிந்து வண்டிக்குள் வந்ததும் அந்தப் புதுச் சக்கரங்களைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போகிறான். பிள்ளை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னான். "சித்தி, அவரும் எங்களை மாதிரிச் சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள போறார்" என்றான். ஓவியன் தம்பி, அதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், கண்டுபிடித்தவன் அவன்தான்.