பித்தப்பையில் கல், எடைக்கும் ஆபரேஷன்: ஒரே தடவையில் முடியுமா?

சிப்புட் அக்கா:
சுங்கை சிப்புட்டில் எஸ்டேட் பக்கம் இருக்கிறேன். எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு ஈப்போவில் பெயர் கொடுத்தாச்சு. ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தது. போன வாரம் ஆட்டுக்கறி சாப்பிட்ட ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை ஏறியது. மாமியார் வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்தார். இரண்டையும் ஒன்றாகச் செய்வார்களா?

செம்பனைக்காரன்:
அக்கா, அந்த வலியை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. சும்மா கிடக்கும் கல்லைப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். வலி தருகிற கல் என்றால் பித்தப்பையை முன்னாலேயோ கூடவேயோ எடுப்பது உண்டு.

எனக்கு ஸ்லீவ், அதாவது இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன், செய்தபோது கல்லே இல்லை. ஆனாலும் கல் வராமல் இருக்க உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரையை 6 மாதம் போடச் சொன்னார்கள். எடை மளமளவென்று இறங்கும்போது பித்தத்தில் கொலஸ்ட்ரால் கூடும். சாப்பாடு குறைவதால் பித்தப்பையும் சரியாகச் சுருங்காது. பித்தம் தேங்கினால் கல்தான். மாத்திரை சரியான கசப்பு, சொல்லிவிட்டேன்!

சிப்புட் அக்கா:
பையை எடுத்துவிட்டால் சாப்பாடு செரிக்குமா தம்பி?

லயத்துப் பிள்ளை:
செரிக்கும் அக்கா. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை சேர்த்துவைக்கிற இடம்தான். என் அம்மாவுக்கு எடுத்தபின் கொஞ்ச நாள் எண்ணெய்ப் பலகாரம் தின்றால் வயிறு கலக்கும், அவ்வளவுதான். வலியோடு காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ வந்தால் அப்பாயின்மென்ட் வரை இருக்காதீங்க, நேரே எமர்ஜென்சிக்குப் போங்க.