புதுப்பிப்பு: 'பனானா' வகுப்பு, மூன்று வாரம் கழித்து

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். கொழிஞ்சாம்பாறையில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கு எழுத்து அழுத்தி வாசிக்கிறார்கள், அழுத்தமில்லாத உயிரொலியை எப்படிச் சொல்லித்தருவது என்று. அந்த ஒலிக்கு 'ஷ்வா' என்று பெயர். ஆங்கில 'e' எழுத்தைக் கவிழ்த்துப்போட்ட அதன் குறியை (ə) பலகையில் எழுதியதெல்லாம் வீண்.

குற்றியலுகரத்தைப் பிடியுங்கள், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் 'உ'வை, என்று ஒருவர் சொன்னார். சரி என்று கைக்கண்ணாடி கொண்டுபோய் 'பசு', 'பாட்டு' இரண்டையும் சொல்லச் சொன்னேன். 'பசு'வில் உதடு குவிகிறது. 'பாட்டு' முடியும்போது குவிவதில்லை, 'உ' ஒலிக்கும் நேரம் ஒரு மாத்திரையிலிருந்து அரையாகிவிடுகிறது. "டீச்சரே, மலையாளத்துல இதுக்குத்தான சந்திரக்கலை போடறோம்?" என்றாள் ஒருத்தி. எழுத்தின் மேல் போடும் அந்தச் சின்னப் பிறைக்குறி எனக்குத் தோன்றவே இல்லை!

அப்புறம் 'பனானா'. அழுத்தம் விழும் நடு 'னா'வுக்கு மட்டும் மேசையில் தட்டு, முன்னும் பின்னும் வாயைத் தளரவிடு. முதல் நாள் சொதப்பல். ஓரங்களை முழுங்கிவிட்டு வெறும் 'னா' என்றார்கள். 'போட்டோகிராஃப்'தான் கைகொடுத்தது. அதில் தட்டு முதல் அசையில். 'போட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதுக்கு நகரும். நகர்ந்ததும் முதல் 'ஓ' மங்கி, 'ஃபட்டாக்ரஃபர்' என்று தானாகவே வந்தது.

ஆனால் குற்றியலுகரமும் இந்த ஆங்கில ஒலியும் ஒன்றல்ல. குற்றியலுகரம் சொல்லின் கடைசியில் வருவது. ஆங்கில ஒலி எங்கும் வரும், நாக்கு வாயின் நடுவில் சும்மா கிடக்கும். இதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு. ஒரு பையன் இப்போது 'டாக்டர்' கடைசியிலும் 'உ' சேர்த்து 'டாக்டரு' என்கிறான்.